மெல்லத் தோன்றும் எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்களும், ஓ.எல், ஏ.எல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பவர்பொயின்டில் ஒரு வரியையோ படத்தையோ தெரிவு செய்து அனிமேஷன் பட்டியலைத் திறந்தால் முன்வரிசையிலேயே 'ஃபேட்' என்று ஒன்று நிற்கும். அதை அழுத்தினால் அந்த வரி திரையில் பொத்தென்று வந்து விழாது. விடியப்புறத்தில் கரையில் இழுத்து வைத்த தோணி மெல்ல மெல்லக் கண்ணுக்குப் புலப்படுவது போலத் தெளிந்து வரும். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எந்தப் பிள்ளையும் இதை ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்திருக்கும். "இது எதற்கு?" என்று கேட்டால் வகுப்பில் வரும் பதில் ஒன்றுதான்: "வடிவுக்கு, சேர்."

வடிவுக்காக மட்டும் வந்தது அல்ல இது. 360 வருடத்துக்கு மேலாக விளக்கு, கண்ணாடி, சினிமாச் சுருள், கணினி என்று கைமாறி வந்த ஒரு வித்தை. ஒவ்வொரு கையிலும் அது வேறு வேறு வேலை செய்தது. இன்று எங்கள் வகுப்பறையில் அது செய்ய வேண்டிய வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கதை.

அதற்கு முன் தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு ஒரு சந்தோஷம். பவர்பொயின்ட் தன் அனிமேஷன்களை நான்காகப் பிரிக்கிறது: உள்ளே வருவது, இருந்த இடத்திலேயே மாறுவது, வெளியே போவது, ஒரு பாதையில் நகர்வது. முதல் மூன்றையும் கேட்டவுடன் நன்னூல் நினைவு வராதா? தோன்றல், திரிதல், கெடுதல். பூ, கொடி சேரும்போது 'ங்' தோன்றிப் பூங்கொடி ஆகிறது. பொன், குடம் சேரும்போது 'ன்' திரிந்து பொற்குடம் ஆகிறது. மரம், வேர் சேரும்போது 'ம்' கெட்டு மரவேர் ஆகிறது. பிள்ளைகளுக்கு அந்த மூன்று வகையையும் விளக்க எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. (ஒப்புமைதான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே பவர்பொயின்ட் கண்டார் என்று யாரும் வட்ஸ்அப்பில் பரப்பிவிட வேண்டாம்.)

*பேய் காட்டிய விளக்கு*

இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச் சுவரில் வெளியுலகின் உருவத்தைக் காட்டும் என்பதை பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே முறையாகப் பரிசோதித்து எழுதினார். அது வெளியில் இருப்பதை உள்ளே காட்டும் வழி. உள்ளே நாம் வரைந்து வைத்த படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவி வர இன்னும் ஆறு நூற்றாண்டு எடுத்தது. 1659இல் நெதர்லாந்து விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் விளக்கு, வில்லை, கண்ணாடிப் படம் மூன்றையும் சேர்த்து அதைச் செய்தார். பிறகு அதற்கு 'மாய விளக்கு' என்று பெயர் விழுந்தது. அவர் அந்த வருடம் வரைந்து வைத்த படங்கள் என்ன தெரியுமா? தன் தலையைத் தானே கழற்றி மாட்டும் எலும்புக்கூடு. ஆகவே எறிகருவியில் அசைவூட்டம் சேர்க்கும் ஆசை எறிகருவி பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

1798இல் பரிஸில் ரொபேர்ட்சன் என்ற பெல்ஜியக்காரர் அதே விளக்கைச் சக்கரத்தில் ஏற்றித் திரைக்குப் பின்னால் உருட்டினார். படம் சிறிதாகவும் மங்கலாகவும் தோன்றி, பெருத்து, சபையை நோக்கிப் பாய்ந்து வருவது போல் இருந்தது. செத்தவர்களின் உருவங்கள் அப்படி இருட்டுக்குள் இருந்து வந்தன. பிரெஞ்சுப் புரட்சியின் இரத்தம் காயாத நகரம் அது. சபையில் அலறல் எழுந்தது. மெல்லத் தோன்றுதல் அங்கே செய்த வேலை பயமுறுத்துவது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒன்றுக்குத்தானே நாம் அதிகம் பயப்படுகிறோம்.

*கரையும் காட்சி*

அதே வித்தையைப் பேயிடம் இருந்து பறித்துப் பாடத்துக்குக் கொடுத்தவர்கள் இலண்டன்காரர்கள். 1838இல் றீஜன்ட் வீதியில் திறக்கப்பட்ட பொலிடெக்னிக் நிலையத்தில் ஹென்றி லாங்டன் சைல்ட் என்பவர் 'கரையும் காட்சி'களைக் காட்டினார். இரண்டு விளக்குகள் ஒரே திரையின் ஒரே இடத்தை நோக்கி இருக்கும். ஒன்றில் கோடைகாலக் கிராமம், மற்றதில் அதே கிராமம் பனி மூடியபடி. முதல் விளக்கின் வாயை மெதுவாக மூட, இரண்டாவதின் வாயை அதே வேகத்தில் திறப்பார்கள். பார்ப்பவர் கண் முன்னே மரம் இலை உதிர்ந்து வெள்ளை போர்த்திக்கொள்ளும்.

மின்சாரம் இல்லாத காலத்தில் அவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்து எரியும் சுவாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டியில் பிடித்தால் அது கண் கூசும் வெள்ளையாக ஒளிரும். வாயுக் குழாயின் திருகைத் திருப்பினாலே ஒளி கூடும், குறையும். இரண்டு விளக்கின் திருகையும் ஒருசேர எதிரெதிராகத் திருப்புவதுதான் அன்றைய ஃபேட். இயக்குபவரின் விரல் கொஞ்சம் முந்தினால் திரை இரட்டை வெளிச்சத்தில் வெளிறிப் போகும், பிந்தினால் இருண்டு போகும். ஒன்று குறையும் அளவே மற்றது கூட வேண்டும். இந்த விதியை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு கணக்கில் இதே விதி வரும்.

இந்த விளக்கோடுதான் வானவியலும் புவியியலும் சுகாதாரமும் மதப் பிரசாரமும் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போயின. பாதிரிமார் ஆசிய நாடுகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். படத்தை விட்டு விட்டுக் காட்டி, பக்கத்தில் ஒருவர் நின்று பேசும் முறை அப்போதே வந்துவிட்டது. இன்று எங்கள் பயிற்சிப் பட்டறைகளில் நடப்பது அதன் பேரப்பிள்ளை.

*தமிழ்க் கண் பழகிய விதம்*

பிரான்ஸின் ஜோர்ஜ் மெலியே அடிப்படையில் ஒரு மந்திரவித்தைக்காரர். 1899இல் அவர் எடுத்த 'சின்டரெல்லா' படத்தில் ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறும். கமராவின் வாயை மெல்ல மூடிக்கொண்டே வந்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில் அடுத்த காட்சியை மெல்லத் திறந்து பிடிப்பார்கள். பிழைத்தால் இரண்டு காட்சியும் பாழ்.

1905இல் திருச்சியில் புகையிரத இலாகாவில் வரைபடக்காரராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து எறிகருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். தமிழ்ச் சனங்கள் திரைப்படம் பார்க்கப் பழகியது இப்படியான கூடாரங்களில். பேசாப் படத்தில் காட்சி இருண்டு மீண்டும் வெளித்தால் காலம் போய்விட்டது என்று பொருள். இதை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் தானாகப் படித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாகூட, படத்தில் பிள்ளையின் முகம் மங்கி இளைஞனின் முகம் தெளிந்தால் "பொடியன் வளர்ந்திட்டான்" என்று சொல்வார். வெட்டிக் காட்டினால் 'வேறு ஆள்', கரைத்துக் காட்டினால் 'அதே ஆள், வேறு காலம்'. இதுவும் ஒரு இலக்கணம்தான்.

*வெண்கட்டியும் கடதாசித் துண்டும்*

இப்போது வகுப்பறைக்கு வருவோம்.

கரும்பலகை ஆசிரியருக்கு ஃபேட் தேவைப்படவில்லை. ஏன்? வெண்கட்டியால் எழுதுவதே மெதுவான வேலை. 'ஒளித்தொகுப்பு' என்று எழுதி முடிக்கும் முன் பின்வரிசைப் பிள்ளை வரைக்கும் அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிடும். ஒரு சமன்பாட்டின் இரண்டாம் வரி பலகையில் வரும்வரை பிள்ளைக்கு முதல் வரியைத் தவிர வேறு பார்க்க எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் "ஏன் இப்படி வந்தது?" என்ற கேள்வி பிறக்கும். மத்ரஸாவில் ஓதப் போன சின்னப் பிள்ளை ஈர்க்கால் ஒரு எழுத்தைத் தொட்டு, அதைச் சொல்லி, பிறகு அடுத்ததைத் தொட்டதும் இதே முறைதான். ஒன்று முடிந்துதான் மற்றது.

பிறகு ஒளி ஊடுபுகும் தாளைப் பெரிதாக்கிக் காட்டும் ஓ.எச்.பி வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க இராணுவப் பயிற்சிகளில் பரவி, பிறகு உலகப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த கருவி. எங்கள் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விரிவுரையாளர்கள் முதல் நாள் இரவே தாள்களை எழுதிக்கொண்டு வருவார்கள். தாளை வைத்தவுடன் பத்து வரியும் ஒரே நேரத்தில் சுவரில் வந்து நிற்கும். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கிவிடுவோம், அவர் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை. அனுபவப்பட்ட ஒரு விரிவுரையாளர் மட்டும் தாளின் மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, ஒவ்வொரு வரியாகக் கீழே இழுப்பார். நாங்கள் பேனையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம்.

வெண்கட்டி இலவசமாகக் கொடுத்த தாமதத்தைக் கருவி பறித்தது. அந்தக் கடதாசித் துண்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கடதாசித் துண்டின் மென்பொருள் வடிவம்தான் வரிக்கு வரி வரும் ஃபேட்.

*பவர்பொயின்ட் பிறந்தபோது ஃபேட் இல்லை*

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1984இல் கலிபோர்னியாவில் ரொபேர்ட் கஸ்கின்ஸ் திட்டம் எழுதி, டெனிஸ் ஒஸ்டின், தொமஸ் றட்கின் ஆகியோரோடு உருவாக்கிய அந்த மென்பொருளுக்கு முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. வர்த்தகப் பெயர்ச் சிக்கலால் 'பவர்பொயின்ட்' ஆனது. 1987 ஏப்ரலில் மக்கின்டொஷ் கணினிக்கு மட்டும், கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. அதே வருடம் மைக்ரோசொப்ட் அந்தக் கம்பனியை 14 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

அந்த முதல் பதிப்பின் வேலை ஓ.எச்.பி தாள் அச்சடித்துக் கொடுப்பது. இரண்டாம் பதிப்பு 35 மில்லிமீற்றர் வண்ணப் படவில்லை செய்யவும் உதவியது. இரண்டிலும் இறுதியில் கையில் கிடைப்பது தாள் அல்லது பிலிம். தாளில் எதைத் தோன்றச் செய்வது, எதை மறையச் செய்வது? பணம் இருந்த பெரிய கம்பனிகள் மட்டும் இரண்டு கொடக் கரசல் எறிகருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் விளக்கு மங்க மற்றதன் விளக்கு ஒளிரும்படி செய்தன. 1961இல் வந்த கரசலைக் கொண்டு அவர்கள் செய்தது 1840களின் கரையும் காட்சியைத்தான். வாயுத் திருகுக்குப் பதில் மின்சாரம், அவ்வளவே.

திருப்பம் 1992இல். பெப்ரவரி 25ஆம் திகதி பரிஸில் ஹோட்டல் றெஜினாவில் கஸ்கின்ஸ் ஒரு வண்ண மடிக்கணினியை நேரடியாகத் திரையோடு இணைத்துத் தன் உரையைக் காட்டினார். தாள் இல்லை, பிலிம் இல்லை. அந்த வருடம் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ஒரு படவில்லையில் இருந்து அடுத்ததற்கு மாறும் விதங்கள் சேர்ந்தன. படம் ஒளியாக மட்டும் ஆனபோதுதான் அதை மங்கவும் தெளியவும் வைக்க முடிந்தது.

*மருதமுனைத் தறியில் ஒரு கணக்கு*

ஆனால் அன்றைய கணினிகளுக்கு உண்மையான ஃபேட் செய்யச் சக்தி போதவில்லை. எப்படிச் சமாளித்தார்கள் என்பதை மருதமுனைக்காரர்களுக்கு விளக்குவது லேசு.

நீலப் பாவில் வெள்ளை ஊடை ஓட்டி நெய்த துணியைத் தூரத்தில் இருந்து பார்த்தால் வெளிர் நீலமாகத் தெரியும். கிட்டப் போனால் நீல நூல் நீலம், வெள்ளை நூல் வெள்ளை. எந்த நூலும் வெளிர் நீலம் இல்லை. பழைய 'டிசோல்வ்' அதுதான். திரையின் ஒவ்வொரு சிறு கட்டமும் ஒன்றில் பழைய படமாக இருக்கும், அல்லது புதிய படமாக இருக்கும். புதிய கட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் 97ஆம் ஆண்டுப் பதிப்பில் அது சீனி கொட்டியது போலப் பொரிப் பொரியாகத் தெரிந்தது.

உண்மையான ஃபேட் என்பது நூலையே வெளிர் நீலச் சாயத்தில் தோய்ப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் பழைய நிறத்தில் ஒரு பங்கும் புதிய நிறத்தில் ஒரு பங்கும் கலக்க வேண்டும். அந்தப் பங்குக்கு 'அல்பா' என்று பெயர். 1977இல் நியூயோர்க்கில் எட் கட்மலும் அல்வி றே சிமித்தும் அதை ஒவ்வொரு கட்டத்தோடும் சேர்த்துச் சேமிக்கும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். 1984இல் தொமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் அதன் கணக்கை முழுமையாக எழுதினார்கள். 1996இல் நால்வருக்கும் ஒஸ்கார் அகடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

கணக்கு இதுதான். புதிய நிறத்தை அல்பாவால் பெருக்கு, பழைய நிறத்தை ஒன்றில் இருந்து அல்பாவைக் கழித்த மீதியால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. வெள்ளைத் திரை 255, கறுப்பு எழுத்து 0 என்று வைப்போம். அல்பா கால் ஆகும்போது அந்தக் கட்டம் 191. அரை ஆகும்போது 128. முக்கால் ஆகும்போது 64. ஒன்றானதும் 0, அதாவது முழுக் கறுப்பு. ஒன்று குறையும் அளவே மற்றது கூட வேண்டும் என்ற அந்த வாயுத் திருகின் விதி இங்கே பின்னக் கணக்காக வந்து நிற்கிறது. "பின்னம் படித்து என்ன பிரயோசனம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

வேலைப் பளுவையும் பாருங்கள். 1920க்கு 1080 கட்டங்கள் கொண்ட திரையில் 20 இலட்சத்து 73,600 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம். முழுத் திரையும் அரை விநாடியில், விநாடிக்கு 30 சட்டகம் வீதம் மங்கினால் 15 தடவை இதைச் செய்ய வேண்டும். மொத்தம் 9 கோடி 33 இலட்சம் தடவை. பவர்பொயின்டின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வழுவழுப்பான ஃபேட் வந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை. நாம் இன்று அதைக் கைத்தொலைபேசியில் செய்கிறோம்.

*எங்கள் எழுத்துக்கு வந்த சோதனை*

பவர்பொயின்டில் ஒரு வரியை மொத்தமாகவோ, சொல் சொல்லாகவோ, எழுத்து எழுத்தாகவோ தோன்றச் செய்யலாம். எழுத்து எழுத்தாக என்பது ஆங்கிலத்துக்கு வடிவு. எங்களுக்கு?

இலங்கையில் பல வருடமாக எங்கள் கேள்வித்தாளும் டியூட்டும் அழைப்பிதழும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. பாமினியில் 'கொ' என்பது கணினிக்கு ஒரு எழுத்து அல்ல, மூன்று துண்டு: கொம்பு, ககரம், கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்ட வேண்டும். ஆகவே 'கொடி' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக ஃபேட் செய்தால் முதலில் ஒரு கொம்பு தனியே வந்து நிற்கும், பிறகு 'க' வரும், பிறகு கால் வரும், கடைசியில் 'டி'. வாசிக்கப் பழகும் தரம் 2 பிள்ளை அந்தத் தனிக் கொம்பை என்னவென்று வாசிக்கும்? யூனிகோட் முறையில் ககரம் முதலிலும் ஒகரக் குறி பிறகும் சேமிக்கப்படுகிறது. அது எங்கள் இலக்கணத்துக்கு நெருக்கம். என்றாலும் குறி இல்லாமல் வரும் 'க' இன்னும் 'கொ' ஆகவில்லையே.

உயிர்மெய்யை உடைத்துக் காட்டுவது பிள்ளைக்கு உதவாது. தமிழில் ஃபேட்டின் மிகச் சிறிய அலகு சொல். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

*மெதுவாகக் காட்டுவது எப்போதும் நல்லதா?*

எதிர்க் கட்சியும் இருக்கிறது. எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2003இல் பவர்பொயின்டைக் கடுமையாகத் தாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். வரி வரியாகத் திறந்து காட்டும் பழக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்த வருடம் பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். சேதம் பற்றிய முக்கிய எச்சரிக்கை ஒரு படவில்லையின் அடுக்கடுக்கான வரிகளுக்குள் புதைந்து போனதை விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. வளர்ந்தவர்கள் கூடி முடிவு எடுக்கும் இடத்தில் முழு விடயமும் எழுத்தில், ஒரே பார்வையில் கையில் இருக்க வேண்டும் என்பது டஃப்டியின் வாதம்.

நியாயமான வாதம். வாசிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் நூறு பேரைக் கூட்டி வைத்து, சுற்றுநிருபத்தை வரி வரியாக ஃபேட் பண்ணி, அதையே உரத்து வாசிக்கும் கூட்டங்களில் நாங்களும் இருந்திருக்கிறோம். ஒரு தாளில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டு மிச்ச நேரம் பேசியிருக்கலாம்.

ஆனால் ஒன்றை முதல் தடவையாகப் படிக்கும் பிள்ளையின் நிலைமை வேறு. றிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் பல்லூடகக் கற்றல் பற்றி வருடக்கணக்காகப் பரிசோதனை செய்தவர். பாடத்தைத் துண்டு துண்டாக, படிப்பவரின் வேகத்துக்குக் கொடுத்தால் நன்றாக விளங்குகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பாடத்தோடு சம்பந்தமில்லாத அலங்காரத்தை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக விளங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொன்றாகக் கொடு, ஆனால் ஆட்டம் காட்டாதே. பறந்து வரும், சுழன்று வரும், துள்ளி விழும் எழுத்துகள் எல்லாம் பிள்ளையின் கண்ணை எழுத்தின் பொருளில் இருந்து எழுத்தின் ஓட்டத்துக்கு இழுக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஆகக் குறைவாகச் சத்தம் போடுவது ஃபேட். அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறோம்.

*பீடிஎஃப் ஆனதும் காணாமல் போவது*

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் எல்லோரும் படவில்லைகளை பீடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஃபேட்டின் உண்மையான பெறுமதி அப்போதுதான் தெரிந்தது. பீடிஎஃப்பில் அசைவு கிடையாது. வகுப்பில் கேள்வி முதலில் வந்து, மூன்று நிமிடம் யோசிக்க விட்டு, பிறகு விடை தெளியும்படி செய்த படவில்லை பீடிஎஃப்பில் கேள்வியும் விடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தாளாகிவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த படங்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு கிடக்கும். ஆசிரியரின் காத்திருப்பு மட்டும் அந்தக் கோப்பில் போய்ச் சேராது.

அதற்கு வழி இருக்கிறது. அனுப்புவதற்கென்று தனிப் பிரதி எடுங்கள். அதில் கேள்வி ஒரு பக்கம், விடை அடுத்த பக்கம். பிள்ளை விரலால் தள்ளிப் போகும் அந்த ஒரு நொடியாவது யோசிக்கட்டும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் மல்டிமீடியா ஒரு மூலையில் கிடந்தது. வெண்கட்டி திரும்ப வந்தது. பழைய நாளிதழ்த் தாளைப் பலகையில் ஒட்டி விடையை மறைத்து, நேரம் வந்ததும் கிழித்துக் காட்டிய ஆசிரியைகளைப் பார்த்தோம். கரண்ட் இல்லாத ஃபேட். முறை தெரிந்தவருக்குக் கருவி இரண்டாம் பட்சம்தான்.

*ஒரே இடம், இரண்டு காலம்*

கடைசியாக, எங்கள் கரைக்கே உரிய ஒரு பயன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுக்க அந்தக் கணக்கில் இருக்கிறது. இன்று எங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு திகதி.

அந்தப் பாடத்துக்கு நாங்கள் கரையோரத் தெரு ஒன்றின் இரண்டு படங்களை எடுத்தோம். ஒன்று முன்பு, ஒன்று பின்பு. முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். பிள்ளைகள் பார்த்தார்கள், "பாவம்" என்றார்கள், அவ்வளவுதான். அடுத்த வகுப்பில் இரண்டு படத்தையும் ஒரே அளவாக்கி, தென்னை மரங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி வைத்து, பின்னையதை மூன்று விநாடியில் மெல்லத் தோன்றச் செய்தோம். தென்னைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றுக்கு இடையில் இருந்த வீடுகளும் மதிலும் மங்கி, மணல் தெளிந்து வந்தது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி மட்டும் சொன்னாள்: "அந்தக் கிணறு அப்படியே இருக்குது சேர்."

ஆம், கிணறு மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு வெறும் மணலுக்கு நடுவில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அதை எவரும் காணவில்லை. இரண்டு படமாகப் பார்த்ததை ஒரே இடமாகப் பார்த்தபோதுதான் அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினார்கள் என்ற கேள்வி வந்தது. அன்று மிச்சப் பாடத்தைப் பிள்ளைகளே நடத்தினார்கள். வீட்டுக்குப் போய் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டு வந்து அடுத்த நாளும் நடத்தினார்கள்.

ஆசிரிய நட்புகளுக்குச் சுருக்கமாக:

ஒரு படவில்லையில் ஒரு கருத்து. அடுத்த வரியை அழுத்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை கை எலியில் இருக்க வேண்டாம்.

அரை விநாடி ஃபேட் போதும். இரண்டு காலத்தை ஒப்பிடும் இடத்தில் மட்டும் மூன்று விநாடி எடுங்கள்.

தமிழ் எழுத்தை உடைத்துக் காட்டாதீர்கள்.

வளர்ந்தவர்களின் கூட்டத்துக்குத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் படவில்லையில் எத்தனை விதமான அசைவு இருக்கிறது என்று பார்த்து மெச்ச வேண்டாம். "இதை ஏன் பிறகு காட்டினாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, சொல்ல வந்த விடயத்தையும் விளங்கிக்கொண்ட பிள்ளை.

உங்கள் பாடசாலையில் இதை வேறு விதமாகச் செய்பவர்கள் கீழே எழுதுங்கள். விஞ்ஞானம், கணிதம் படிப்பிப்பவர்களின் அனுபவம் எங்களுக்கு முக்கியமாகத் தேவை. இன்ஷா அல்லாஹ், நல்லவற்றைத் திரட்டி இன்னொரு பதிவாகப் போடுவோம்.